கோர்ட்டுக்கும் ஊருக்கும் எத்தனை மைல்?

ஞாயிற்றுக்கிழமை வைகை அணைக்குப் போகிறவர்கள் பூங்காவைச் சுற்றிப் பார்க்கிறார்கள். பொரித்த மீன் வாங்கித் தின்கிறார்கள். அணையின் மேல் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். அந்தத் தண்ணீர் எத்தனை கோர்ட்டுப் படிகளைத் தாண்டி அங்கே வந்து நிற்கிறது என்பது அநேகருக்குத் தெரியாது.

1959-ம் வருஷம் ஜனவரி 21-ந் தேதி முதல்-மந்திரி காமராஜர் இந்த அணையைத் திறந்து வைத்தார். 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். 66 அடியைத் தொட்டால் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை. 68½ அடியில் இரண்டாவது எச்சரிக்கை. 69 அடியில் மூன்றாவது. இதெல்லாம் தேனி, மதுரை ஜில்லாக்காரர்களுக்கு மனப்பாடம்.

ஆனால் இங்கே தேங்குவது வைகைத் தண்ணீர் மட்டும் அல்ல. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரும் சுரங்க வழியாக இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கை நனைத்துவிட்டு, வைகையோடு சேருகிறது. அந்தத் தண்ணீருக்காக 1886-ம் வருஷம் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் சென்னை சர்க்காருக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. 999 வருஷக் குத்தகை! வழக்கே வராது என்றுதான் எழுதினவர்கள் நினைத்திருப்பார்கள்.

வழக்கு வந்தது. அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாமா என்று தகராறு. 1941-ல் ஒரு நடுவர், பாசனத்துக்குத்தான் எடுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு 1970-ல் இரண்டு ராஜ்யங்களும் புதிய ஒப்பந்தம் செய்துகொண்ட பின்தான் மின்சாரத் தகராறு தீர்ந்தது. 1979-ல் அணை பலமாக இல்லை என்று கேரளத்தில் கூக்குரல் எழுந்தது. தண்ணீர் மட்டம் 136 அடிக்கு இறங்கியது. 2006-ம் வருஷம் பிப்ரவரி 27-ந் தேதி, 142 அடி வரை தேக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அடுத்த மாதமே கேரள சட்டசபை 136 அடிதான் என்று சட்டம் செய்தது. மறுபடியும் வழக்கு. 2014-ம் வருஷம் மே 7-ந் தேதி ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து அந்தச் சட்டம் செல்லாது என்றார்கள். அந்த வருஷம் நவம்பரில், 35 வருஷத்துக்குப் பிறகு, தண்ணீர் 142 அடியைத் தொட்டது.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், கம்பம் பள்ளத்தாக்கில் நாற்று நடுகிறவனுக்கும் டெல்லியில் கறுப்பு அங்கி போட்டு உட்கார்ந்திருப்பவருக்கும் நேரடி சம்பந்தம் உண்டு. ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் 1,500 மைலுக்கு மேல் இருக்கிறது.

இரண்டு ராஜ்யங்களின் சண்டையை டெல்லியில்தான் விசாரிக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மதுரையில் விசாரித்தால் கேரளக்காரன் நம்பமாட்டான். எர்ணாகுளத்தில் விசாரித்தால் நாம் நம்பமாட்டோம். இரண்டு ஐகோர்ட்டுகளிலும் போட்ட மனுக்களை சுப்ரீம் கோர்ட்டு தன்னிடம் வரவழைத்துக்கொண்டது நியாயமே. நான் கேட்பது வேறு. சின்னமனூரில் ஒருவருடைய பென்ஷன் வழக்கும், உத்தமபாளையத்தில் ஒருவருடைய வரப்பு வழக்கும் ஏன் டெல்லிக்குப் போக வேண்டும்?

லண்டனுக்குப் போன வழக்குகள்

நம் சீமைக்குத் தூரத்துக் கோர்ட்டு புதிது அல்ல. ஒரு காலத்தில் டெல்லி என்ன, லண்டனுக்கே போனோம்!

வைகை கீழே இறங்கிப் போகும் சீமை சிவகங்கை. அங்கே ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் 1829-ல் காலமானார். ஜமீன் யாருக்கு? மகளுக்கா, அண்ணன் வம்சத்துக்கா? ஜில்லா கோர்ட்டு, சென்னை சதர் கோர்ட்டு என்று ஏறி இறங்கி, கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று வழக்கு. 1863-ல் தீர்ப்பு. மகள் காத்தம நாச்சியார் ஜெயித்தார். ஜமீன்தார் செத்து 34 வருஷம் ஆகியிருந்தது.

அதற்கும் கீழே ராமநாதபுரம். சேதுபதி வம்சத்து ராணி ஒருவர், புருஷன் அனுமதி கொடுக்காமல் இறந்துபோன பின், பங்காளிகளின் சம்மதத்தோடு பிள்ளையைச் சுவீகாரம் எடுத்தார். செல்லுமா என்று கேள்வி. மதுரை கலெக்டர் ஒரு கட்சி. இளைய சேதுபதி எதிர்க்கட்சி. 1868-ல் பிரிவி கவுன்சில், செல்லும் என்றது. ஏட்டில் எழுதியிருப்பதைவிட, வழக்கம் தெளிவாக நிரூபிக்கப்பட்டால் வழக்கமே பெரிது என்று அந்தத் தீர்ப்பில் சொன்னது. இன்றைக்கும் சட்டக் கல்லூரிப் பையன்கள் அதைப் படிக்கிறார்கள். நல்ல தீர்ப்புதான். ஆனால் ராமநாதபுரத்து வழக்கம் என்ன என்று தேம்ஸ் நதிக்கரையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, பாருங்கள்!

ஜமீன்தார்களிடம் பணம் இருந்தது, போனார்கள். குடியானவன்? அவன் ஜில்லா கோர்ட்டோடு நின்றுகொண்டான். 1949-ம் வருஷம் அக்டோபர் மாதம்தான் பிரிவி கவுன்சிலுக்கு நாம் கும்பிடு போட்டோம்.

சென்னைக்கு ரெயில் ஏறிய காலம்

சென்னை ஐகோர்ட்டு 1862-ல் விக்டோரியா ராணியின் சாசனத்தால் பிறந்தது. சிவப்புக் கட்டிடம் பின்னால் 1892-ல் வந்தது. சின்ன வயசில் கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்க்கு வேலை பார்த்த முத்துசாமி அய்யர், 1870-களின் கடைசியில் அந்தக் கோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியானார். அவருடைய சிலை இன்றும் அங்கே இருக்கிறது. பெருமைப்பட வேண்டிய கோர்ட்டு. சந்தேகமே இல்லை.

ஆனால் தெற்கத்தியாருக்கு அது எட்டாத கோர்ட்டாக இருந்தது. கூடலூர்க்காரர் ஒருவர் அப்பீல் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மதுரைக்கு பஸ். அங்கிருந்து ராத்திரி ரெயில். விடியற்காலை எழும்பூர். வக்கீல் வீட்டு வாசலில் காத்திருந்தால், "இன்றைக்கு எடுக்கவில்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்பார் குமாஸ்தா. மறுபடி ராத்திரி ரெயில். இரண்டு நாள் கூலி போச்சு, ரெயில் சார்ஜ் போச்சு, சாப்பாட்டுச் செலவு போச்சு. இந்த மாதிரி நாலு தடவை அலைந்தால் வழக்கில் இருக்கிற நிலத்தின் பெறுமானமே கரைந்துவிடும்.

கன்னியாகுமரி ஜில்லாக்காரர்களின் கஷ்டம் இன்னும் விசேஷம். திருவிதாங்கூரில் இருந்தவரையில் அவர்களுக்கு திருவனந்தபுரத்திலேயே ஐகோர்ட்டு இருந்தது. 1949-ல் அது எர்ணாகுளம் போயிற்று. 1956-ல் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தார்கள். சேர்ந்ததற்குப் பரிசாக ஐகோர்ட்டு 400 மைலுக்கு அப்பால் போய்விட்டது!

1956-ம் வருஷத்து ராஜ்யங்கள் சீரமைப்புச் சட்டத்திலேயே, 51-வது பிரிவில், ஐகோர்ட்டுக்கு வேறு ஊரில் கிளை வைக்கலாம் என்று வழி இருந்தது. வழி இருந்ததே தவிர, நடக்க ஆள் இல்லை. மதுரை வக்கீல்கள் கேட்டார்கள். வர்த்தகர்கள் கேட்டார்கள். கட்சி வித்தியாசம் இல்லாமல் கேட்டார்கள். சென்னை வக்கீல்களில் ஒரு பகுதியார் கூடாது என்றார்கள். ஐகோர்ட்டின் கௌரவம் குறையும் என்றார்கள். அதே சமயத்தில் பம்பாய் ஐகோர்ட்டு நாகபுரியிலும் அவுரங்காபாத்திலும் உட்கார்ந்து வழக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பம்பாய் ஐகோர்ட்டின் கௌரவம் எங்கே குறைந்தது?

2004-ம் வருஷம் ஜூலை 24-ந் தேதி மதுரைக்கு ஐகோர்ட்டு வந்தது. ஒத்தக்கடைக்குப் பக்கத்தில், மேலூர் ரோட்டில், உலகனேரியில், நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில். பக்கத்தில் யானைமலை படுத்திருக்கிறது. ஆரம்பத்தில் 13 ஜில்லாக்கள். 2019-ல் தென்காசி தனி ஜில்லாவானதும் 14.

ஒரு வேடிக்கை. தேனிப் பக்கத்து மக்கள் சென்னைக்கு அலைந்த காலத்தில் சென்னைக்கு நேர் ரெயில் கிடையாது. போடியிலிருந்து மதுரைக்கு ஓடிக்கொண்டிருந்த சின்ன ரெயிலையும் 2010 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். அகலப் பாதை போட்டு, 2023-ம் வருஷம் ஜூன் மாதம் போடியிலிருந்து சென்னைக்கு ரெயில் விட்டார்கள். ஐகோர்ட்டு மதுரைக்கு வந்து 19 வருஷம் கழித்து!

பக்கத்தில் வந்ததால் என்ன ஆயிற்று?

"கோர்ட்டு பக்கத்தில் வந்தால் வம்பு வழக்குத்தான் பெருகும்" என்றார்கள் சிலர். ஆஸ்பத்திரி கட்டினால் வியாதி பெருகும் என்பது போல இருக்கிறது இது. வியாதி முன்னாலேயே இருந்தது. வைத்தியரிடம் வரப் பணம் இல்லை. அவ்வளவுதான்.

உசிலம்பட்டி தாலுகாவில் ஒரு கிராமத்து அம்மன் கோயில். பூசாரியாக இருந்த தகப்பனாருக்கு உடம்பு முடியாமல் போனதும் மகள் பூசை செய்து வந்தார். தகப்பனார் காலமான பின், பெண் பிள்ளை பூசை செய்யக்கூடாது என்று ஊரில் சிலர் தடுத்தார்கள். தேனிக்கும் மதுரைக்கும் நடுவில் இருக்கிறது உசிலம்பட்டி. காலையில் பஸ் ஏறினால் கோர்ட்டு திறப்பதற்குள் ஒத்தக்கடை. 2008-ல் நீதிபதி சந்துரு அந்த வழக்கைக் கேட்டார். பெண் பூசை செய்யக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்று தீர்ப்பளித்தார். சென்னைக்குத்தான் போக வேண்டும் என்று இருந்தால் அந்த அம்மாள் போயிருப்பாரா? எனக்கு நம்பிக்கை இல்லை.

போடி மலைப் பக்கம் பொட்டிபுரத்தில், மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆராய்ச்சிக் கூடம் அமைக்க மத்திய சர்க்கார் முனைந்தது. ஊர்க்காரர்கள் பயந்தார்கள். 2015-ம் வருஷம் மார்ச் மாதம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இல்லாமல் வேலை தொடங்கக்கூடாது என்று மதுரைக் கிளை சொன்னது. ஆராய்ச்சி நல்லதா கெட்டதா என்பதில் எனக்கும் உங்களுக்கும் அபிப்பிராய பேதம் இருக்கலாம். அனுமதி வாங்கிவிட்டு வா என்று சர்க்காரைப் பார்த்துச் சொல்லப் பக்கத்தில் ஒரு கோர்ட்டு இருந்தது. அதுதான் விஷயம்.

எல்லாவற்றையும்விடப் பெரியது சாத்தான்குளம். 2020 ஜூன் மாதம். ஊரடங்கு காலம். போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோன தகப்பனாரும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். மதுரைக் கிளை யாரும் மனுப் போடுவதற்குக் காத்திருக்கவில்லை. நீதிபதிகள் பி.என்.பிரகாஷ், பி.புகழேந்தி இருவரும் தாமாகவே வழக்கை எடுத்தார்கள். விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டுக்கு நிலையத்தில் மரியாதை இல்லை, ஒத்துழைப்பு இல்லை. உடனே நீதிபதிகள், அந்தப் போலீஸ் நிலையத்தையே வருவாய்த் துறை அதிகாரிகளின் பொறுப்பில் வைக்கும்படி கலெக்டருக்கு உத்தரவிட்டார்கள். நிலையத்தில் இருந்த ஒரு பெண் போலீஸ் ஏட்டு தைரியமாகச் சாட்சி சொன்னார். இதெல்லாம் சில நாட்களுக்குள் நடந்தது. சாட்சியம் அழிவதற்குள் நடந்தது.

குறை இல்லாமல் இல்லை. மதுரையில் உட்காரும் நீதிபதிகள் சென்னையிலிருந்து முறை வைத்து வருகிறார்கள். சில மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஒரு நீதிபதி பாதி கேட்ட வழக்கு, அவர் போனதும் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. கட்சிக்காரனுக்கு இது பெரிய இம்சை. தவிர, விசேஷ காரணம் இருந்தால் எந்த வழக்கையும் சென்னைக்கு மாற்றப் பிரதம நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. பாஷை இன்னொரு சங்கடம். 2006-ல் சட்டசபை தீர்மானம் போட்டும் ஐகோர்ட்டில் தமிழ் ஏறவில்லை. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் ஐகோர்ட்டில் இந்தி பேசலாம். ஒத்தக்கடையில் தமிழ் பேச முடியாது. தன் நிலத்தைப் பற்றி இரண்டு வக்கீல்கள் இங்கிலீஷில் சண்டை போடுவதைப் பின்னால் நின்று, யார் பக்கம் காற்று அடிக்கிறது என்று முகத்தைப் பார்த்தே ஊகிக்கிறான் கட்சிக்காரன்.

இருந்தாலும், கோர்ட்டு பக்கத்தில் இருக்கிறது. குறையைச் சொல்லவாவது பஸ் ஏறலாம்.

ஜெயித்தவனுக்கு வரும் ஆபத்து

இனி டெல்லிக்கு வருவோம். சின்னமனூர் பென்ஷன்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் ஜெயித்துவிட்டார். வீட்டில் பாயசம் வைத்தாயிற்று. ஆறு மாதம் கழித்து ஒரு கவர் வருகிறது. இலாகா சுப்ரீம் கோர்ட்டில் அப்பீல் போட்டிருக்கிறது!

அப்பீல் என்றால் தோற்றவன் போவது என்று நினைக்கிறோம். உண்மையில் இழுத்துக்கொண்டு போகப்படுகிறவன் ஜெயித்தவன். இலாகாவுக்கு டெல்லியில் சம்பளம் வாங்கும் வக்கீல் இருக்கிறார். பென்ஷன்காரர் புதிதாக ஒருவரைப் பிடிக்க வேண்டும். உள்ளூர் வக்கீல் வாதாடலாமே என்றால், வாதாடலாம். ஆனால் சுப்ரீம் கோர்ட்டில் மனுவைத் தாக்கல் செய்ய 'அட்வகேட் ஆன் ரிக்கார்டு' என்ற தனி வக்கீல் வேண்டும். அவருடைய ஆபீஸ் கோர்ட்டிலிருந்து 16 கிலோ மீட்டருக்குள், டெல்லியிலேயே இருக்க வேண்டும் என்று விதி. மதுரையில் ஜெயிக்க ஆன செலவைவிட, ஜெயித்ததைக் காப்பாற்ற ஆகும் செலவு அதிகம். பாதி பேர் அங்கேயே கை கழுவிவிடுகிறார்கள். பணக்காரக் கட்சிகளுக்கும் இலாகாக்களுக்கும் இது நன்றாகவே தெரியும்.

கொரோனா காலத்துக்குப் பின் வீடியோவிலேயே விசாரணை நடக்கிறதே, இனிமேல் தூரம் ஏது என்று கேட்கிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் டெலிவிஷன் பெட்டியில் கோர்ட்டைப் பார்க்கலாம் என்பதால் அந்த 16 கிலோ மீட்டர் விதி போய்விடவில்லை. டெல்லி வக்கீலின் பீசும் குறைந்துவிடவில்லை.

டெல்லிக்குப் பக்கத்து ஐகோர்ட்டுகளில் தோற்றவர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஏராளமாகப் போகிறார்கள். சென்னையிலிருந்து போகிறவர்கள் அதில் சொற்பம். தெற்கே அநியாயத் தீர்ப்பே கிடையாது என்று இதற்கு அர்த்தமா?

இதற்கு மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அரசியல் சட்டத்தின் 130-வது பிரிவு, சுப்ரீம் கோர்ட்டு டெல்லியிலோ, ஜனாதிபதியின் சம்மதத்தோடு பிரதம நீதிபதி குறிக்கும் வேறு ஊர்களிலோ உட்காரலாம் என்கிறது. 2009-ல் சட்டக் கமிஷன் தன் 229-வது அறிக்கையில் ஒரு திட்டம் சொன்னது. அரசியல் சட்ட வழக்குகள் டெல்லியில் இருக்கட்டும். சாதாரண அப்பீல்களுக்கு டெல்லி, கல்கத்தா, பம்பாய், தெற்கே சென்னை அல்லது ஐதராபாத் என்று நான்கு பெஞ்சுகள் வையுங்கள் என்றது. சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் கூடிப் பேசினார்கள். வேண்டாம் என்றார்கள். ஒரு தடவை அல்ல, பல தடவை. தேசிய அப்பீல் கோர்ட்டு வேண்டும் என்று ஒரு தமிழ்நாட்டு வக்கீல் மனுப் போட்டார். 2016-ல் அதை அரசியல் சட்ட பெஞ்சுக்கு அனுப்பினார்கள். அப்பீல் சீக்கிரம் முடிய வேண்டும் என்று கேட்ட மனு, அதற்குப் பின் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தது!

ஒரே தேசத்துக்கு ஒரே கோர்ட்டு, அது ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே ஆரம்பத்தில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகளே குதிரை மேலும் வண்டியிலும் ஊர் ஊராகப் போய் வழக்குக் கேட்டார்கள். அலைச்சல் தாங்கவில்லை. 1891-ல் பிராந்தியத்துக்கு ஒன்றாக அப்பீல் கோர்ட்டுகளை ஏற்படுத்தினார்கள். தெற்கே ஆறு ராஜ்யங்களுக்கு இருந்த ஐந்தாவது பிராந்தியக் கோர்ட்டில் வேலை பெருகியதும், 1981-ல் அதை இரண்டாகப் பிரித்தார்கள். தேசம் உடைந்துவிடவில்லை.

பிராந்தியக் கோர்ட்டு என்றால் உள்ளூர் செல்வாக்குக்கு நீதிபதிகள் பணிந்துவிடுவார்கள் என்றும் ஒரு பயம். நியாயமான பயம்தான். ஆனால் அதே ஐந்தாவது கோர்ட்டின் கதை வேறு. 1962-ல் மிசிசிப்பி சர்வகலாசாலையில் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பு இன வாலிபரைச் சேர்க்க மறுத்தார்கள். சேர்த்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பு எழுதியவர் ஜான் மைனர் விஸ்டம். வாஷிங்டனிலிருந்து வந்தவர் அல்ல. நியூ ஆர்லியன்ஸ் நகரத்து வெள்ளைக்காரர். தெற்கத்தி வெள்ளைக்காரர்களின் பகையைத் தெரிந்தேதான் எழுதினார். அந்த மண்ணில் வாழ்ந்தவருக்கு, அங்கே என்ன நடக்கிறது என்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் மதுரைக்கே சுப்ரீம் கோர்ட்டு வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டால் கோயம்புத்தூர்க்காரர்கள் கோபிப்பார்கள். அவர்கள் தங்களுக்கு ஒரு ஐகோர்ட்டுக் கிளை கேட்டு ஏற்கனவே காத்திருக்கிறார்கள். சென்னையில் உட்காரட்டும். வருஷம் முழுவதும்கூட வேண்டாம், வருஷத்தில் மூன்று மாதம் போதும். தென் ராஜ்யங்களின் அப்பீல்களைக் கேட்கட்டும். சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகளின் எண்ணிக்கை 2019-ல் 34 ஆயிற்று. நாலு பேரை அனுப்ப முடியாதா? முல்லைப் பெரியாறு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு நியமித்த ஏ.எஸ்.ஆனந்த் கமிட்டி, பழைய பிரதம நீதிபதியின் தலைமையிலேயே மலை ஏறி வந்து அணையைப் பார்த்ததே! அணையைப் பார்க்க வர முடிந்தவர்கள் ஆளைப் பார்க்கவும் வரலாம்.

இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம். பார்லிமெண்டில் ஓட்டு வேண்டாம். பிரதம நீதிபதி ஒரு கடிதம் எழுத வேண்டும். ஜனாதிபதி அதில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். 1950-ம் வருஷத்திலிருந்து அந்த 130-வது பிரிவு புத்தகத்தில் இருக்கிறது. போடியிலிருந்து சென்னைக்கு இப்போது ரெயிலும் இருக்கிறது.